சில்லறை விஷயம்

1

சிறு மதிப்புள்ள காகிதப் பணத்தை நிறுத்திவிட்டு நாணயங்களை மட்டுமே புழக்கத்தில் விடலாமா என்ற கேள்வியை நிதி இலாகா அதிகாரிகளும் பொருளாதார நிபுணர்களும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே நாம் நினைத்து வந்திருக்கிறோம். காகிதம் சீக்கிரம் கந்தலாகிறது, உலோகம் பல வருஷம் உழைக்கிறது. அச்சிட இவ்வளவு செலவு, காசு அடிக்க இவ்வளவு செலவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் முடிவு வந்துவிடும். இதில் கவிதையையும் விமர்சனத்தையும் பேசும் ஒரு பத்திரிகைக்கு என்ன வேலை என்று கேட்கலாம்.

நம் பத்திரிகைகளில் சுதந்திரம், நியாயம், நம்பிக்கை, மனிதனுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவு என்றெல்லாம் நிறையவே எழுதியாகிவிட்டது. எழுதியவற்றில் பெரும்பகுதி காற்றில் நிற்கிறது. அந்த வார்த்தைகள் பரிட்சைக்கு உள்ளாகும் ஸ்தூலமான இடங்களை நாம் பார்க்க மறுப்பதுதான் அதற்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது. பத்து ரூபாய் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற நொடியில் நம்பிக்கை என்கிற விஷயம் பிரத்யட்சமாக இருக்கிறது, அல்லது இல்லாமல் போகிறது. அதைப் பார்க்கத் தெரியாத கண் வேறெங்கே அதைப் பார்த்துவிடப் போகிறது?

தவிரவும், இந்த விஷயத்தில் நம் பாஷை நமக்கு முன்பாகவே யோசித்து வைத்திருக்கிறது. நாணயம் என்றால் காசு; நாணயம் என்றால் நேர்மையும்தான். நாணயமான மனிதர் என்று ஒருவரைச் சொல்லும்போது, அவர் சொன்னதைச் செய்வார், வாங்கியதைத் திருப்பித் தருவார் என்கிறோம். சொல்லின் பிறப்பு எதுவாகவும் இருக்கட்டும், வழக்கு அதற்கு இந்த இரண்டு அர்த்தங்களையும் கொடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருக்கிறது. கிரேக்கத்தில் காசுக்கான சொல் சட்டம், வழக்கம் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது என்பதை அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் எடுத்துக் காட்டுகிறார். பணம் இயற்கையால் ஆனதல்ல, மனிதர்களின் ஏற்பாட்டால் ஆனது என்று சொல்ல அவருக்கு அந்தச் சொல் உதவியது. கிரேக்கன் காசில் சட்டத்தைப் பார்த்தான். தமிழன் குணத்தைப் பார்த்தான். இரண்டு பார்வைகளுக்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல.

இன்னொரு சொல், செல்லும். இந்தக் காசு செல்லும், இது செல்லாது என்கிறோம். மதிப்பு என்பதை ஒரு பொருளுக்குள் உறைந்து கிடக்கும் குணமாக அல்லாமல் ஒரு நடையாக, ஒரு போக்காக நம் வழக்கு பிடித்திருக்கிறது. போகிற வரைக்கும் பணம், நின்றுவிட்டால் தகடு. ‘செல்லாக்காசு’ என்று மனிதனைக்கூடச் சொல்லிவிடுகிறோம். எந்தக் கையும் வாங்கிக்கொள்ளாத மனிதன் அவன்.

மூன்றாவது, சில்லறை. உடைத்த சிறு பணத்துக்கும் அதுதான் பெயர், அற்பமான காரியத்துக்கும் அதுதான் பெயர். சில்லறை விஷயம், சில்லறைத்தனம், சில்லறை மனிதர்கள். இந்தக் கடைசிப் பிரயோகத்தில் பெரிய பணத்தின் கர்வம் ஒளிந்திருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது சில்லறை விஷயம்தான், இரண்டு அர்த்தத்திலும்.

2

நம் ஒரு ரூபாய் நோட்டின் சரித்திரம் விசித்திரமானது. அது 1917 நவம்பர் 30ஆம் தேதி பிறந்தது. அதற்கு முன் ரூபாய் என்றால் வெள்ளி. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. முதல் உலக யுத்தத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது, விலை ஏறியது. காசாக இருப்பதைவிட உருக்கிய வெள்ளியாக இருப்பதே அதற்கு லாபம் என்ற நிலை நெருங்கியது. அப்போதுதான் சர்க்கார் ஐந்தாம் ஜார்ஜின் தலையைக் காகிதத்தில் அச்சடித்து, இதுவும் ரூபாய்தான் என்றது. 1926இல் நிறுத்தினார்கள். அடுத்த யுத்தம் வந்தவுடன் 1940இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1949இல் ராஜா தலை போய் அசோகரின் சிங்கங்கள் வந்தன. 1994இல் ஒரு ரூபாய் நோட்டை அச்சிடுவது நின்றது. 1995இல் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் நின்றன. அச்சிடக் கட்டவில்லை, அந்த இயந்திரங்கள் பெரிய நோட்டுகளுக்குத் தேவைப்படுகின்றன என்பது காரணம். ஐந்து ரூபாயைச் சில ஆண்டுகளில் மறுபடி அச்சிட்டார்கள். ஒரு ரூபாய் நோட்டு 2015இல் திரும்பி வந்தது.

நாணயத்தின் உடம்பு அதன் பெயரைவிட விலை கூடியபோது காகிதம் வந்தது. காகிதத்தின் உடம்பு அதன் பெயரைவிட விலை கூடியபோது நாணயம் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கப்பட்டபோது, மறுபடி வந்த ஒரு ரூபாய் நோட்டை அச்சிட ரூ. 1.14 ஆவதாக 2015இலும், ஒரு ரூபாய் நாணயத்தை அடிக்க ரூ. 1.11 ஆவதாக 2018இலும் பதில் கிடைத்தது. எந்த உடம்பைக் கொடுத்தாலும் ஒரு ரூபாய் தன் பெயருக்குள் அடங்குவதாக இல்லை. இதை நஷ்டம் என்று பதறுகிறவர்கள், காசு ஒரு தடவைதான் கைமாறுகிறது என்று நினைக்கிறார்கள். ஒரு ரூபாய் தன் ஆயுளில் எத்தனை கைகளுக்குப் போகிறது, எத்தனை டீயையும் எத்தனை தீப்பெட்டியையும் நகர்த்தி வைக்கிறது என்பதைக் கணக்கில் சேர்த்தால் பதினொரு பைசா பெரிதில்லை. ஆகவே செலவுக் கணக்கை இங்கேயே விட்டுவிடலாம். இந்தக் கேள்விக்கு விடை அந்தக் கணக்கில் இல்லை.

இன்னொரு விசித்திரம் சட்டத்தில் இருக்கிறது. பத்து, இருபது, நூறு, ஐந்நூறு என்று எந்த நோட்டை எடுத்துப் பார்த்தாலும் அதில் ரிசர்வ் வங்கி கவர்னரின் வாக்குறுதி ஒன்று அச்சாகியிருக்கும்: இதை வைத்திருப்பவருக்கு இத்தனை ரூபாய் தருகிறேன் என்று. ஒரு ரூபாய் நோட்டில் அது கிடையாது. அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கியல்ல, இந்திய அரசு. கையெழுத்திடுபவர் நிதிச் செயலாளர். அவர் எதையும் தருவதாகச் சொல்வதில்லை. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் நாணயம் என்றால் என்ன என்று விளக்குகிற இடத்தில், உலோகக் காசுகளோடு இந்த ஒரு ரூபாய் நோட்டையும் சேர்த்துக்கொள்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்தக் காகிதம் ஒரு நாணயம்.

முதலில் எனக்கு இது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது. யோசிக்க யோசிக்க, காகிதத்துக்கும் காசுக்கும் உள்ள உண்மையான வித்தியாசத்தைச் சட்டம் தன்னை அறியாமலே தொட்டுவிட்டது என்று தோன்றியது. வித்தியாசம் காகிதமா உலோகமா என்பதில் இல்லை. ஒன்று வாக்குறுதி, மற்றது பொருள். நூறு ரூபாய் நோட்டு, நூறு ரூபாய் தருகிறேன் என்கிறது. எதைத் தருவார்கள்? ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்படி, நோட்டைக் கொண்டுபோய்க் கேட்டால் ரூபாய் நாணயம் தர வேண்டும். ரூபாய் நாணயம் எதைத் தரும்? ஒன்றையும் தராது, அது எதையும் சொல்லவில்லை. வாக்குறுதிகளின் சங்கிலி முழுவதும் கடைசியில் வந்து நிற்பது வாக்குறுதி ஏதும் தராத ஒரு சின்ன வட்டத்தில்.

இதைக் கொண்டு ஏழையின் பணத்தில் வாக்குறுதிகூட இல்லை என்று புலம்பலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு செல்லாது என்று அறிவிக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளிலும் அதே வாக்குறுதி அச்சாகியிருந்தது. அந்த வாரங்களில் செல்லுபடியான பணம் சில்லறையாகத்தான் இருந்தது. பேசாமல் இருந்த பணம் தன் சொல்லைக் காப்பாற்றியது. வாக்குறுதி கொடுத்தது வரிசையில் நின்றது. சின்னக் காசுக்கும் இந்த விதி வராமல் இல்லை. 2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாமற் போயின. ஆனால் அந்தச் சாவு வேறு மாதிரி. புழக்கத்தில் ஏற்கெனவே இறந்துவிட்ட ஒன்றுக்கு அரசு பிற்பாடு மரணச் சான்றிதழ் கொடுத்தது.

3

இனி கேள்விக்கு வருகிறேன். காகிதம் கந்தலாகிறது என்பதைச் செலவாகப் பார்க்கிறவர்கள், அந்தக் கந்தல் யார் கையில் வந்து நிற்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரு பத்து ரூபாய் நோட்டு புதிதாக வங்கியிலிருந்து வெளியே வருகிறது. முதலில் அது மேஜைகள் இருக்கும் இடங்களில் புழங்குகிறது. பிறகு மீன் விற்கிற கைக்கு, ஆட்டோக்காரரின் சட்டைப்பைக்கு, மழையில் நனைந்த மடிக்குப் போகிறது. மடிப்பில் தேய்கிறது, கிழிகிறது, யாரோ ஒட்டுகிறார்கள். ஒட்டிய பிறகு ஒருவர் வாங்குவார், ஒருவர் வாங்க மாட்டார். வாங்க மறுக்கச் சக்தி உள்ளவர்களைத் தாண்டித் தாண்டி அந்த நோட்டு மறுக்கச் சக்தி இல்லாத ஒருவரிடம் வந்து நின்றுவிடும். அதுவரை அதைப் பயன்படுத்திய நூறு பேரின் தேய்மானமும் அந்தக் கடைசி மனிதர் தலையில் விழுகிறது. நோட்டின் தேய்மானம் பகிர்ந்துகொள்ளப்படுவதில்லை, கைமாற்றப்படுகிறது.

அவருக்கு உரிமை இல்லாமல் இல்லை. கிழிந்த நோட்டை மாற்றித் தர விதிகள் உண்டு. இருபது ரூபாய் வரையிலான நோட்டில் ஒரே துண்டாகப் பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பும் கொடுக்க வேண்டும். ஆனால் பத்து ரூபாயை மாற்ற வங்கிக்குப் போய்வரப் பஸ் சார்ஜ் எவ்வளவு? வரிசையில் நிற்கும் நேரத்தில் போகும் கூலி எவ்வளவு? ஐம்பதாயிரம் ரூபாய் விஷயத்தில் ஒருவர் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். பத்து ரூபாய் விஷயத்தில் ஒருவர் ஒரு மணி நேரத்தைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. சின்ன உரிமைகளின் லட்சணம் இது. அவற்றைக் கோருவதற்கு ஆகும் செலவு அவற்றைவிடப் பெரியது. ஆகவே அவை ஏட்டில் இருந்துகொண்டே இல்லாமல் இருக்கும்.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு, சின்ன மதிப்புகள் கோரிக்கையை நம்பி இருக்கக் கூடாது என்பது. அந்த உரிமை பொருளிலேயே குடியிருக்க வேண்டும். கிழியாமல், நனையாமல், ஒட்டப்படாமல், எந்த அதிகாரியின் கருணையும் இல்லாமல் அது பத்து ரூபாயாக இருக்க வேண்டும். உலோகத்துக்கு ஆதரவாக என்னிடம் உள்ள முதல் வாதம் இதுதான். இது சிக்கன வாதம் இல்லை, தார்மிக வாதம்.

ஆனால் இதைச் சொல்லி முடிக்கு முன்பே தமிழ்நாட்டின் பத்து ரூபாய் நாணயம் குறுக்கே வந்து நிற்கிறது. வெளியே பித்தளை நிறமும் உள்ளே வெண்மையுமாக இரட்டை உலோகத்தில் 2009இல் புழக்கத்துக்கு வந்த காசு. கிழியாது, நனையாது. இருந்தும் சென்னையை விட்டு வெளியே போனால் பல மாவட்டங்களில் வருஷக்கணக்கில் அது செல்லவில்லை. கள்ளக்காசு என்று வதந்தி. ரூபாய்க் குறியீடு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது. விளிம்புக் கோடுகள் பத்தா, பதினைந்தா என்று கடைக்காரர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 2018 ஜனவரி 17ஆம் தேதி ரிசர்வ் வங்கி, அதுவரை வெளிவந்த பதினான்கு வடிவங்களுமே செல்லும் என்று அறிவித்தது. அரசுப் பேருந்துகளிலேயே வாங்க மறுக்கிறார்கள் என்ற புகார் எழுந்து, வாங்க வேண்டும் என்று நடத்துநர்களுக்குப் போக்குவரத்துக் கழகங்கள் அறிவுறுத்த வேண்டியிருந்தது. அரசு அடித்த காசை அரசின் கையே மறுக்கிறது!

அந்த ஆண்டுகளில் ஒரு நாள் சந்தையில் முருங்கைக்கீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் நான் அந்தக் காசைக் கொடுத்தேன். வாங்கி, புரட்டிப் பார்த்து, திருப்பி என் கையிலேயே வைத்தார். “நல்ல காசுதான் தம்பி. ஆனா இத வச்சு எனக்கு ஒருத்தனும் ஒரு டீ குடுக்க மாட்டான்” என்றார். ரிசர்வ் வங்கியின் அறிக்கையைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதற்கு அது பதிலாக இருந்திருக்காது. அந்தக் காசு நல்லதா என்பதில் அவருக்கு என்னைவிடச் சந்தேகம் குறைவு.

4

நீட்ஷே 1873இல் எழுதிய ஒரு கட்டுரையில் உண்மைகளை, முத்திரை தேய்ந்துபோய் வெறும் உலோகமாக மட்டும் மதிக்கப்படும் காசுகளுக்கு ஒப்பிடுகிறார். அந்த உவமை அதற்குப் பிறகு எழுதியவர்கள் கையில் பட்டு அதுவுமே தேய்ந்துவிட்டது. நம் சந்தையில் நடந்தது அதற்கு நேர்மாறு. முத்திரை தேயவில்லை, உலோகம் கெடவில்லை, சட்டம் மாறவில்லை. எல்லாம் புத்தம் புதிதாக இருந்துகொண்டே காசு நின்றுவிட்டது.

நின்றது எப்படி என்று பார்க்க வேண்டும். பாட்டி காசை நம்பினார். டீக்கடைக்காரர் நம்ப மாட்டார் என்று நம்பினார். டீக்கடைக்காரரைக் கேட்டால், எனக்கொன்றுமில்லை, பால்காரர் வாங்க மாட்டார் என்பார். பால்காரர் தீவனக் கடையைக் காட்டுவார். இப்படியே போனால் அவநம்பிக்கை கொண்ட அந்த அசல் மனிதன் எங்கேயும் அகப்பட மாட்டான். ஒருவருமே நம்பாத ஒரு பொய்யை ஊர் முழுவதும் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தது. பொய்யன் இல்லாத பொய். அதில் ஒவ்வொருவர் நடந்துகொண்டதும் நியாயமானது, புத்திசாலித்தனமானது. எல்லோருடைய புத்திசாலித்தனமும் சேர்ந்து ஒரு மூடத்தனம் ஆயிற்று.

நம்பிக்கை என்பதைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசும் பேச்சு இந்த இடத்தில் உதவாது. ஒருவர் மனதில் இருக்கும் ஒன்றாகவே நாம் அதை வைத்துப் பேசுகிறோம். சந்தையில் அது மனதில் இல்லை, இரண்டு மனங்களுக்கு நடுவில் இருக்கிறது. என் நம்பிக்கை எனக்குப் போதாது. உன்னுடைய நம்பிக்கையைப் பற்றிய என் நம்பிக்கைதான் என் கையை நீட்ட வைக்கிறது. அதனால்தான் ரிசர்வ் வங்கியின் அறிக்கை தனித்தனியாக எல்லோருக்கும் எட்டியும் பலிக்கவில்லை. எனக்குத் தெரிந்தால் போதாது. அவனுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு இது அந்நியமான அனுபவம் அல்ல. ஒரு கவிதைத் தொகுப்பைப் படித்து, நல்ல காசுதான் என்று தனியாகச் சொல்லிவிட்டு, மேடையில் அதை வாங்க மறுத்தவர்கள் நம்மில் உண்டு. வேறொருவர் வாங்க மாட்டார் என்பதுதான் அங்கேயும் காரணம். அதே போல, யாருக்கும் உள்ளூர மதிப்பில்லாத பெயர்கள், அடுத்தவர் மதிக்கிறார் என்ற ஒரே ஆதாரத்தில் வருஷக்கணக்கில் செல்லுபடியாகிக்கொண்டிருக்கின்றன. விமர்சனம் என்று ஒன்று இருப்பதற்கு நியாயம் ஏதாவது இருக்குமானால், அடுத்த கையைப் பாராமல் தன் கையை நீட்டும் ஒருவராவது வேண்டும் என்பதுதான். சந்தையிலும் யாராவது ஒருவர் முதலில் வாங்கித்தான் காசு மறுபடி நடக்கத் தொடங்குகிறது. நாணயம் என்ற சொல்லின் இரண்டாவது அர்த்தம் முதல் அர்த்தத்துக்குள் நுழையும் இடம் அது.

5

இதே விஷயத்தை வேறு தேசங்கள் எப்படித் தீர்த்துக்கொண்டன? பிரிட்டன் 1983இல் பவுண்டு நாணயத்தைக் கொண்டுவந்து, 1988இல் பவுண்டு நோட்டைத் திரும்பப் பெற்றது. கனடா 1987இல் ஒரு டாலர் நாணயத்தை விட்டு, 1989இல் நோட்டை நிறுத்தியது. இரண்டு இடத்திலும் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அமெரிக்கா மட்டும் நோட்டை நிறுத்தத் துணியவில்லை. 1979இல் ஒரு நாணயம், 2000இல் ஒன்று, 2007 முதல் ஜனாதிபதிகளின் முகங்களோடு ஒரு வரிசை. நோட்டு பையில் இருக்கிறவரை எவரும் நாணயத்தை எடுக்கவில்லை. நூறு கோடிக்கு மேற்பட்ட காசுகள் பெட்டகங்களில் குவிந்து கிடக்க, 2011 டிசம்பரில் புழக்கத்துக்காக அவற்றை அடிப்பதை நிறுத்தினார்கள்.

நிபுணர்கள் இதிலிருந்து எடுக்கும் பாடம் சுலபமானது: தேர்வு கொடுத்தால் ஜனங்கள் பழையதைத்தான் தேர்வார்கள், ஆகவே தேர்வு கொடுக்காதே. பத்து ரூபாய் விஷயத்தில் நாமும் அமெரிக்காவைப் போல இரண்டையும் புழங்க விட்டோம். நோட்டு இருந்ததால்தான் காசை மறுக்க முடிந்தது. அங்கே மறுப்பு அசௌகரியத்தில் நின்றது. இங்கே அது குற்றச்சாட்டாக மாறி, காசை நீட்டிய மனிதனைக் கள்ளனைப் போலப் பார்க்க வைத்தது.

நிர்ப்பந்தத்தால் ஏற்படும் நம்பிக்கை நம்பிக்கையா என்று ஆட்சேபம் எழலாம். எழ வேண்டியதுதான். ஆனால் எல்லா நம்பிக்கையும் ஆழமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து ரூபாயை வாங்குவதற்கு முன் ஒருவர் தன் ஆத்மாவை விசாரித்துக்கொள்ள வேண்டிய நிலை நல்ல நிலையல்ல. சின்ன விஷயங்களில் பழக்கம் போதும். பழக்கம் இருந்தால்தான் பெரிய விஷயங்களில் நம்பிக்கை வைக்க மனதுக்குத் தெம்பு மிஞ்சும். 1957 ஏப்ரல் முதல் தேதி அணாவும் காலணாவும் போய் நயா பைசா வந்தது யாரையும் கேட்டு வந்ததல்ல. ஒரு தலைமுறைக்குள் அது கையோடு கையாகிவிட்டது.

6

இவ்வளவு சொன்ன பிறகும் காகிதத்தின் தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் தரப்பில் வலுவான சாட்சிகள் இருக்கிறார்கள்.

முதல் சாட்சி எடை. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.7 கிராம். ஆயிரம் ரூபாய் வியாபாரத்துக்கு நூறு காசு. முக்கால் கிலோவுக்கு மேல். வங்கியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒரு எண். தலையில் கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவருக்கு இது எடை. நாள் முழுவதும் நின்றுகொண்டே டிக்கெட் கிழிக்கும் நடத்துநரின் தோளுக்கும் அது தெரியும். செலவை மிச்சப்படுத்தும் அரசு அந்தச் செலவை இன்னொரு தோளுக்கு மாற்றிவிட்டதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. சட்டத்துக்கும் இந்த எடை தெரியும் போலிருக்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான காசுகளை ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் செல்லுபடியாகும் பணமாக அது ஏற்கிறது. ஐம்பது பைசாவைப் பத்து ரூபாய் வரைக்கும்தான்.

இரண்டாவது சாட்சி சத்தம். காசு சத்தம் போடும், காகிதம் போடாது. வீட்டில் ஒரு பெண் குடிக்கிற கணவனுக்குத் தெரியாமல் சேர்த்து வைப்பது கடுகு டப்பாவில், அரிசிப் பானையில், புடவை மடிப்பில். அங்கே மௌனம் வேண்டியிருக்கிறது. மடித்து மடித்து விரல் நுனி அளவு ஆக்கி முந்தானையில் முடிந்துகொள்ள நோட்டுதான் முடியும். குழந்தையின் மண் உண்டியலுக்குச் சத்தம் சந்தோஷம். அம்மாவின் கடுகு டப்பாவுக்குச் சத்தம் ஆபத்து. காகிதத்தின் இந்த மௌனம் பலவீனர்களின் ஒரு சிறிய சுதந்திரம். எந்தக் கமிட்டியின் அறிக்கையிலும் இது வராது.

ஆனால் அதே சத்தமும் அதே கனமும் இன்னொருவருக்குக் கண். பார்வையற்ற ஒருவர் காசை விளிம்பால், எடையால், கல்லில் தட்டிய ஒலியால் அறிகிறார். நோட்டுக்கு அவர் அளவை நம்ப வேண்டும். கந்தலான நோட்டில் அதுவும் பிடிபடாது. பிறகு பக்கத்தில் இருப்பவரை நம்ப வேண்டும். நாணயங்களிலும் இந்த அநியாயம் நடந்திருக்கிறது. ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஐம்பது பைசாவும் ஒன்றைப் போல் ஒன்று, விரலை ஏமாற்றும்படியாகவே பல ஆண்டுகள் அடிக்கப்பட்டன. பார்வையற்றோர் அடையாளம் காணும்படியாக என்று சொல்லி 2019இல் ஒரு புதிய வரிசையை அறிவித்தார்கள். அதில் இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். தாமதமாகவாவது யாருடைய விரல் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பணம் பணமாக இல்லாத இடங்கள். மொய்க் கவரில் ஒட்டியிருக்கும் ஒரு ரூபாய். நூறோடு நின்றால் கணக்கு முடிந்துவிட்டதாக ஆகிவிடும். அந்த ஒன்று இன்னும் தொடர்கிறோம் என்று சொல்கிறது. அதைச் சொல்லக் காசால்தான் முடிகிறது. கவர் செய்கிறவன் காசை ஒட்டியே விற்கிறான். பிறகு, இறந்தவரின் நெற்றியில் சந்தனத்தின் மேல் அழுத்தி வைக்கப்படும் ஒரு ரூபாய். உயிரோடு இருக்கும்போது எத்தனையோ வாக்குறுதிகளை வாங்கி, நம்பி, ஏமாந்த நெற்றி அது. அங்கே ஒட்டுவதற்கு நோட்டு லாயக்கில்லை. எதையும் தருவதாகச் சொல்லாத பொருள் ஒன்றுதான் அந்த இடத்துக்குப் பொருந்துகிறது.

7

இன்று இந்தக் கேள்வியே காலாவதியாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2016இல் வந்த யூ.பி.ஐ. ஏற்பாட்டுக்குப் பிறகு டீக்கடையிலும் இளநீர் வண்டியிலும் கட்டம் கட்டமான அந்த அட்டை தொங்குகிறது. ஏழு ரூபாய் என்றால் ஏழு ரூபாய். சில்லறைப் பிரச்சினையே இல்லை. உண்மைதான். ஆனால் அந்தப் பணம் என் பெயரைக் கேட்கிறது, என் வங்கியைக் கேட்கிறது, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று கேட்கிறது. காசும் நோட்டும் தங்களுக்குள் எவ்வளவு வேறுபட்டாலும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. நீட்டுகிறவன் யார் என்று அவை கேட்பதில்லை. தட்டேந்தி உட்கார்ந்திருப்பவருக்கும் ஊரைவிட்டு ஓடி வந்த பெண்ணுக்கும் யார் என்று கேட்காத ஒரு பணம் தேவையாக இருக்கிறவரை, அது எந்த உடம்போடு இருக்க வேண்டும் என்ற கேள்வியும் இருக்கும்.

சில்லறை தட்டுப்பட்ட காலங்களில் கடைகளில் மிச்சத்துக்கு மிட்டாய் கொடுத்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு மிட்டாய். அதே மிட்டாயை மறுநாள் கொண்டுபோய் ஒரு ரூபாயாகக் கொடுத்துப் பாருங்கள், வாங்க மாட்டார்கள். சில்லறை இல்லாத இடத்தில் ஒவ்வொரு கல்லாவும் ஒரு நாணயச் சாலை ஆகிவிடுகிறது. ஆனால் தான் வெளியிட்டதைத் தான் திரும்பப் பெற்றுக்கொள்ளாத நாணயச் சாலை. நாணயமின்மைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. கொடுக்கும்போது பணம், வாங்கும்போது மிட்டாய்.

இந்த இலக்கணத்தை வைத்து அரசையும் அளக்கலாம். சிறு மதிப்புகளுக்கு நாணயம்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று, இரண்டு, ஐந்துக்கு அட்டியில்லாமல். பத்துக்கு, எடையைக் குறைத்து, விரலுக்கு அடையாளம் தெரியும்படி அடித்தால். காகிதத்தின் மௌனம் தேவைப்படுகிறவர்களுக்கு இருபதும் ஐம்பதும் நோட்டாக மிஞ்சட்டும். ஆனால் பத்து ரூபாய் நோட்டை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். அடித்தவன் முதலில் வாங்க வேண்டும். பஸ்ஸில், மின்சாரக் கட்டணக் கவுண்டரில், ரேஷன் கடையில், வங்கியில், புரட்டிப் பார்க்காமல், எண்ணுவதற்கு நேரமில்லை என்று சொல்லாமல் வாங்க வேண்டும். எல்லோரும் அடுத்தவனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சந்தையில் அடுத்தவனைப் பார்க்காமல் கை நீட்டும் கடமை யாருக்காவது இருக்குமானால், முத்திரை போட்டவனுக்குத்தான் இருக்கிறது.

அதைச் செய்யாமல் நோட்டை மட்டும் நிறுத்தினால் காசு நிர்ப்பந்தத்தில் சென்றுவிடும், சந்தேகமில்லை. ஆனால் செல்லாமல் கிடந்த ஆண்டுகளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது? அவர்கள் இழந்தது பத்து ரூபாயோ இருபது ரூபாயோதான். அந்தத் தொகைக்கு எந்தக் கோர்ட்டிலும் வழக்குக் கிடையாது. தொகை சிறியது என்பதாலேயே அது ஒரு சில்லறை விஷயமாகத் தள்ளப்பட்டுவிட்டது. ஒரு அரசின் நாணயத்தைச் சோதிக்க நினைப்பவர் அதன் பெரிய நோட்டில் உள்ள பாதுகாப்பு இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை. அது அடித்த மிகச் சிறிய காசை எடுத்துக்கொண்டு, மறுத்துப் பேச முடியாத ஒருவரிடம் கொடுத்து, ஒரு டீ வாங்கி வரச் சொன்னால் போதும்.